பழைய பைத்தான், பழைய ஜாவா: நிறுவனத்தில் நிரல்மொழிப் பதிப்புகளைப் புதுப்பிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும் உங்கள் மேசைக்கு வரக்கூடிய பணி இது. "பாதுகாப்பு ஸ்கேன் அறிக்கையில் நம்முடைய ஜாவாவும் பைத்தானும் சிவப்பாக வந்திருக்கின்றன. கொஞ்சம் பார்த்து முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மேலாளர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுவார். சொந்தக் கணினியில் இது அரை மணி நேர வேலை. நிறுவனத்தில் எந்த சர்வரில் எது ஓடுகிறது என்பதே யாருக்கும் முழுதாகத் தெரியாது. நிரலை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஒரு கோப்பை மாற்றக்கூட நான்கு பேர் ஒப்புதல் வேண்டும்.

இருந்தாலும் செய்ய முடியாத வேலை இல்லை. வரிசை தெரிந்தால் போதும். பலர் கையில் கிடைத்த சர்வரில் புதிய பதிப்பை நிறுவுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அது கிட்டத்தட்ட ஆறாவது படி.

முதலில், கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

"நம்மிடம் இருப்பது புதிய பதிப்பா?" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. "இந்தப் பதிப்புக்கு இன்னும் யாராவது பாதுகாப்புத் திருத்தம் வெளியிடுகிறார்களா? அது நம் சர்வருக்கு வந்து சேர்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று காட்ட ஜாவாவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம்.

டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஈசிடிஎஸ்ஏ என்ற முறை ஜாவாவிலேயே உள்ளது. இதில் கையொப்பம் என்பது அடிப்படையில் இரண்டு எண்கள். இரண்டுமே சுழியமாக இருக்கக்கூடாது. அதைச் சோதிப்பதுதான் சரிபார்ப்பின் முதல் வேலை. முன்பு சி++ மொழியில் இருந்த இந்தப் பகுதியை ஜாவா 15-இல் ஜாவாவிலேயே திருப்பி எழுதியபோது அந்தச் சோதனை விடுபட்டுப்போனது. விளைவு, இரண்டு சுழியங்களைக் கையொப்பமாகக் கொடுத்தால் எந்தச் செய்தியும், எவருடைய சாவிக்கும், செல்லும் என்றாகிவிட்டது. சிவிஇ-2022-21449 என்ற எண்ணில் (சிவிஇ என்பது அறியப்பட்ட ஒவ்வோர் ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்) பதிவான இந்த ஓட்டை 2022 ஏப்ரலில் அடைக்கப்பட்டது.

அப்போது ஜாவா 8, 11 வைத்திருந்தவர்களுக்கு இந்த ஓட்டையே இல்லை. 17, 18 வைத்திருந்தவர்களுக்குத் திருத்தம் வந்தது. 15, 16 வைத்திருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்: 11-ஐவிடப் புதியது என்று நம்பி ஏற்றியிருப்பார்கள், ஆனால் அந்த இரண்டு பதிப்புகளின் பொது ஆதரவும் அதற்குள் முடிந்திருந்தது. நீண்டகால ஆதரவு இல்லாத பதிப்பை நிறுவனத்தில் நிறுவினால் அடுத்தடுத்த பதிப்புக்கு விடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தெம்பு இல்லாத குழு அந்தப் பதிப்புகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் வையுங்கள். நிரல்மொழி ஒன்று, அதில் எழுதப்பட்ட லைப்ரரிகள் வேறு. 2021 டிசம்பரில் உலகையே உலுக்கிய லாக்4ஜே ஓட்டை ஜாவாவில் எழுதிய ஒரு லைப்ரரியில் இருந்தது. ஜாவாவை மட்டும் புதுப்பித்தவர்களுக்கு அது முழுத் தீர்வு தரவில்லை. அதுபோலவே, லைப்ரரிகளை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருந்தால் மேலே சொன்ன கையொப்ப ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

எதெல்லாம் ஓடுகிறது என்று பட்டியலிடுங்கள்

நிறுவனத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது என்பார்கள். இருக்கும். அதில் பாதி சர்வர்கள் எப்போதோ அணைக்கப்பட்டிருக்கும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு நீங்களே தேடுங்கள்.

சர்வர்களில் நிறுவப்பட்டவை எளிதில் கிடைத்துவிடும். ஒளிந்திருப்பவைதான் சிக்கல். நிரல்களைக் கட்டும் பில்ட் இயந்திரங்கள், நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிவைத்த கன்டெய்னர் படிமங்கள், கிளவுடில் ஓடும் சிறு செயல்கூறுகள், நிரலாளர்களின் லேப்டாப்கள், இரவில் ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கைத் தயாரிப்பு நிரல்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஒரு மொழி ஓடுகிறது. விலைக்கு வாங்கிய மென்பொருள்கள் பல, தமக்கென ஒரு ஜாவாவைத் தம் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கும். கணினியில் முறைப்படி நிறுவப்பட்ட ஜாவாவை நீங்கள் புதுப்பித்தாலும் அது மாறாது. அதற்கான திருத்தம் விற்றவரிடமிருந்துதான் வர வேண்டும். பட்டியலில் அதைத் தனியாகக் குறித்துவிடுங்கள்.

கோ, ரஸ்ட் மொழிகள் இன்னொரு வகை. கோ மொழியில் கட்டிய நிரலுக்குள் அந்த மொழியின் அடிப்படை லைப்ரரியும் இயக்கப் பகுதியும் சேர்ந்தே கட்டப்பட்டிருக்கும். சர்வரில் கோ நிறுவப்பட்டிருக்காது, அதனால் பலர் இதைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. பில்ட் இயந்திரத்தில் கோ மொழியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. நிரலைத் திரும்பக் கட்டி, திரும்ப நிறுவினால்தான் ஓட்டை அடைபடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எந்தப் பதிப்பில் கட்டப்பட்டது என்று அறிய, கோ மொழியின் பதிப்பு காட்டும் கட்டளைக்கு அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், சொல்லிவிடும்.

கன்டெய்னர்களுக்கும் சர்வர்களுக்கும் சிஃப்ட், ட்ரிவி போன்ற இலவசக் கருவிகள் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்துத் தரும். சைக்ளோன்டிஎக்ஸ், எஸ்பிடிஎக்ஸ் என்ற பொது வடிவங்களில் அந்தப் பட்டியலைச் சேமித்துவைத்தால், அடுத்த ஓட்டை அறிவிக்கப்படும் நாளில் எல்லா சர்வரிலும் ஏறி இறங்காமல் அந்தக் கோப்புகளில் தேடினாலே தெரிந்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இவை இருக்கட்டும்: சேவையின் பெயர், பொறுப்பாளர், மொழியும் முழுப் பதிப்பு எண்ணும், அதை யார் வழங்குகிறார்கள், அந்த எண் எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது, ஆதரவு முடியும் தேதி. இவற்றில் நிரப்பக் கடினமானது பொறுப்பாளர் பெயர்தான். "குழு" என்று எழுதாதீர்கள். ஒரு மனிதரின் பெயரை எழுதுங்கள். பெயர் கிடைக்காத சேவையை மேலாளரிடம் கொண்டுபோங்கள், அது உங்களால் தீர்க்கக்கூடியது இல்லை.

முழுப் பதிப்பு எண் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. "பைத்தான் 3.12" என்பது போதாது, 3.12.3-ஆ 3.12.8-ஆ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பைத்தானில் நடு எண் மாறினால் அது பெரிய பதிப்பு மாற்றம். கடைசி எண் மாறினால் திருத்தம். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோடில் முதல் எண்ணே பெரிய பதிப்பு. ஜாவா 8 தன்னை 1.8 என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்ளும், ஜாவா 11 வெறும் 11 என்று சொல்லும். அவசரமாக எழுதிய கணக்கெடுப்பு நிரல்கள் இந்த இடத்தில் தடுக்கி, ஜாவா 8-ஐ ஜாவா 1 என்று பதிவுசெய்துவிடும்.

ஆதரவு முடியும் தேதிகள்

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு தாளம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் ஆண்டுத் திட்டமே போட்டுவிடலாம்.

பைத்தான் ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் புதிய பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. 3.9-க்கு 2025 அக்டோபரில் முடிந்தது, 3.10-க்கு 2026 அக்டோபரில் முடிகிறது. நோடில் இரட்டை எண் பதிப்புகளே நீண்டகால ஆதரவு பெறுவன: 18-க்கு 2025 ஏப்ரலுடன் முடிந்தது, 20-க்கு 2026 ஏப்ரல், 22-க்கு 2027 ஏப்ரல். ஜாவாவில் 8, 11, 17, 21, 25 ஆகியவை நீண்டகாலப் பதிப்புகள். திருத்தங்கள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மூன்றாவது செவ்வாய்க்கிழமை வரும். அந்த நான்கு நாட்களை நாட்காட்டியில் இப்போதே குறித்துவைக்கலாம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நவம்பரில் வரும். டாட்நெட் 8-க்கு 2026 நவம்பர் வரை ஆதரவு. கோ மொழியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதியது வரும், கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தம். அதாவது கோ பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறையாவது நகர்ந்தே ஆக வேண்டும். எல்லா மொழிகளின் தேதிகளையும் ஒரே இடத்தில் பார்க்க எண்ட்ஆஃப்லைஃப்.டேட் என்ற தளம் உதவும்.

தேதிகள் மாறவும் செய்யும். நோட் 16-க்கு 2024 ஏப்ரல் வரை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அது நம்பியிருந்த குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு 2023 செப்டம்பரில் ஆதரவு முடிவதால், நோட் 16-இன் முடிவையும் 2023 செப்டம்பர் 11-க்கு முன்னே இழுத்துவிட்டார்கள். கடைசி மாதம்வரை இழுத்தடிக்கும் திட்டம் இப்படித்தான் கவிழும். ஆதரவு முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த பதிப்பு வேலை தொடங்கியிருக்க வேண்டும்.

திருத்தம் உங்களுக்கு எந்த வழியில் வருகிறது?

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஒரே பைத்தான், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்திருக்கலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தோடு வந்த பைத்தான் என்றால் திருத்தம் தருவது அந்த இயங்குதளத்தின் பொறுப்பு. ரெட்ஹேட் 8-இல் வரும் பைத்தான் 3.6-க்கு பைத்தான் அமைப்பின் ஆதரவு 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ரெட்ஹேட் தன் இயங்குதளத்தின் ஆயுள்வரை முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய பதிப்புக்குள்ளேயே கொண்டுவந்து பொருத்துகிறது. பதிப்பு எண் மாறாது, உள்ளே மாறியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் இதைச் சிவப்பாகக் காட்டும். அறிக்கையில் வந்த சிவிஇ எண்ணை இயங்குதளத் தயாரிப்பாளரின் பாதுகாப்புப் பக்கத்தில் தேடிப்பார்த்து, "திருத்தப்பட்டது" என்று இருந்தால் அந்தப் பக்கத்தைச் சான்றாக இணைத்து அந்த வரியை மூடலாம். சிவப்பைக் கண்ட பயத்தில் இயங்குதளத்தின் பைத்தானையே தூக்கிவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைக்காதீர்கள். மென்பொருள் நிறுவும் கருவியே அந்தப் பைத்தானில்தான் ஓடுகிறது. அது உடைந்தால் சர்வரைச் சரிசெய்யும் கருவியும் கூடவே போய்விடும். உங்கள் நிரலுக்குப் புதிய பைத்தான் வேண்டுமென்றால் அதைத் தனியாக, பக்கத்தில் நிறுவுங்கள்.

விண்டோஸில் வேறொரு பள்ளம் இருக்கிறது. பைத்தான் 3.11-க்கு 2027 அக்டோபர் வரை ஆதரவு என்று அட்டவணை சொல்லும். உண்மைதான். ஆனால் ஒரு பதிப்பு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் கட்டத்துக்குப் போனபின் பைத்தான் அமைப்பு மூலநிரலை மட்டுமே வெளியிடும். விண்டோஸ், மேக் நிறுவுகோப்புகளைத் தயாரிக்காது. 3.11-க்கு அப்படி வந்த கடைசி நிறுவுகோப்பு 2024 ஏப்ரலில் வந்த 3.11.9. அதை வைத்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்புக்கு அட்டவணையில் ஆதரவு உண்டு, கையில் திருத்தம் இல்லை.

ஜாவாவில் கேள்வி உரிமம் பற்றியது. ஆரக்கிள் தரும் ஜாவா 8-க்கான பொது இலவசத் திருத்தங்கள் வணிகப் பயன்பாட்டுக்கு 2019 ஜனவரியுடன் நின்றுவிட்டன. அதனால் அந்தக் காலத்து அப்டேட் 202-இலேயே உறைந்துபோன சர்வர்கள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. டெமுரின், கொரெட்டோ, ஜூலு போன்ற பிற விநியோகங்கள் ஓப்பன்ஜேடிகே என்ற ஜாவாவின் அதே திறந்த மூலநிரலிலிருந்து கட்டப்பட்டவை, இலவசமாகத் திருத்தம் தருகின்றன. எதைத் தேர்ந்தாலும் நிறுவனம் முழுவதும் ஒன்றையே வையுங்கள். நிறுவும் முன் உரிமத்தைச் சட்டப் பிரிவிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பாதுகாப்புக்காகச் செய்த வேலை உரிமக் கட்டணமாகத் திரும்பி வருவதை எந்த மேலாளரும் ரசிக்க மாட்டார்.

எதை முதலில் செய்வது

ஸ்கேனர் நூற்றுக்கணக்கான வரிகள் தரும். கடுமை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மேலிருந்து கீழே இறங்காதீர்கள். வெளியிலிருந்து எட்டக்கூடிய சேவையா, அந்த ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுகிறதா, நாம் ஓட்டும் முறையில் அது பொருந்துகிறதா என்ற மூன்றையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவின் சிசா அமைப்பு வெளியிடும், தாக்குதலில் பயன்பட்டவை என உறுதியான ஓட்டைகளின் பட்டியல் நல்ல துணை.

2024 ஜூனில் வந்த பிஎச்பி ஓட்டை, சிவிஇ-2024-4577, மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து ஓர் எடுத்துக்காட்டு. விண்டோஸில் சிஜிஐ முறையில் (ஒவ்வொரு கோரிக்கைக்கும் வலை சர்வர் நிரலைத் தனியாக இயக்கும் பழைய முறை) பிஎச்பி ஓட்டுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பொருந்தியவர்களுக்கோ நெருப்பு: திருத்தம் வந்த ஓரிரு நாட்களிலேயே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. 8.1, 8.2, 8.3 பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது. 8.0-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் பிஎச்பி குழுவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. லினக்ஸில் பிஎச்பி ஓட்டியவர்கள் அறிவிப்பை நிதானமாகப் படித்திருந்தால் அன்றிரவு தூங்கியிருக்கலாம்.

காலக்கெடுவை நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். அட்டைப் பணம் கையாளும் நிறுவனங்களுக்கு பிசிஐ தரவிதி, மிகக் கடுமையான ஓட்டைகளை ஒரு மாதத்துக்குள் அடைக்கச் சொல்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு எந்த விதி பொருந்தும் என்று தணிக்கைப் பிரிவிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் கேட்கும்போது அந்த ஒரு வரி உங்களைவிட நன்றாக வாதாடும்.

திருத்தப் பதிப்பை நிறுவுதல்

பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கும் கோப்பை மாற்றுங்கள், திரும்பக் கட்டுங்கள், சோதனைகளை ஓட்டுங்கள், சோதனைச் சூழலில் ஒருநாள் விடுங்கள், பிறகு உண்மைச் சூழலில் ஒரே ஒரு சர்வரில் நிறுவிப் பிழைப்பதிவுகளைப் பாருங்கள், பிறகு மற்றவை. பழைய படிமத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். நடைமுறை அவ்வளவுதான்.

ஆனால் "கடைசி எண்தானே மாறுகிறது, எதுவும் உடையாது" என்று நம்பிவிடாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் சில சமயம் நடத்தையையே மாற்றும். 2021 தொடக்கத்தில் வந்த பைத்தான் திருத்தங்கள், இணைய முகவரியில் வரும் அளவுருக்களைப் பிரிக்க அரைப்புள்ளியை ஏற்பதை நிறுத்தின. அதை நம்பியிருந்த சேவைகளில் படிவங்கள் பாதி காலியாக வந்தன. 2022 செப்டம்பர் திருத்தம், 4300 இலக்கங்களுக்கு மேல் நீளமுள்ள எழுத்துச்சரத்தை முழு எண்ணாக மாற்ற மறுத்தது. மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தே சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்க அது தேவைப்பட்டது. வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க ஆகும் பத்து நிமிடம் இதற்குத்தான்.

நிறுவனச் சூழலில் மிகுதியாக உடைவது மொழியின் இலக்கணம் இல்லை, வலையமைப்பும் சான்றிதழ்களும்தான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பெரிய நிறுவனங்கள் தமக்கென ஓர் உள்ளகச் சான்றளிப்பு அமைப்பு வைத்திருக்கும். உள் சேவைகளின் சான்றிதழ்கள் அதன் கையொப்பத்தோடு வரும். ஜாவா, நம்பத்தக்க சான்றளிப்பாளர்களின் பட்டியலைத் தன் கோப்புறைக்குள்ளேயே "சிஏசெர்ட்ஸ்" என்ற கோப்பில் வைத்திருக்கிறது. எப்போதோ யாரோ உங்கள் நிறுவனத்தின் சான்றிதழை அதில் கையால் சேர்த்திருப்பார்கள். புதிய ஜாவாவை நிறுவினால் புதிய கோப்புறை, புதிய பட்டியல். உங்கள் நிறுவனச் சான்றிதழ் அதில் இருக்காது. நிரல் ஒழுங்காகத் தொடங்கும், முதல் உள் சேவையை அழைத்ததும் "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்று விழும். புதிய பதிப்பில் கோளாறு என்று முடிவுகட்டி, பழையதற்குத் திரும்பிவிடுவார்கள். கோளாறு ஒன்றுமில்லை, ஒரு கோப்பு வந்து சேரவில்லை. சான்றிதழ் சேர்ப்பதை நிறுவும் நிரலிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள், அல்லது நம்பிக்கைப் பட்டியலை ஜாவாவின் கோப்புறைக்கு வெளியே வைத்து அதன் இடத்தைத் தொடக்கக் கட்டளையில் குறிப்பிடுங்கள். நோடுக்கும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கும் இதே வேலையைச் செய்யச் சூழல் மாறிகள் உள்ளன. சான்றிதழ் சோதனையை அணைத்துவைத்து வேலையை ஓட்டும் குறுக்குவழியை யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். ஓர் ஓட்டையை அடைக்கப்போய்க் கதவையே கழற்றிவைப்பது அது.

பைத்தான் 3.13 இதில் இன்னும் ஒரு படி கண்டிப்பானது. சான்றிதழ் சோதனை இயல்பாகவே கறாராகிவிட்டதால், விதிப்படி இருக்க வேண்டிய விவரங்கள் சில விடுபட்ட பழைய உள்ளகச் சான்றிதழ்களை அது ஏற்க மறுக்கும். 3.12 வரை ஓடியது 3.13-இல் விழுந்தால் முதலில் இங்கே பாருங்கள். சரியான மருந்து சான்றிதழைத் திரும்ப வழங்கச் சொல்வதே. அந்தக் குழுவிடமிருந்து அது வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

பழைய இணைப்பு நெறிகளும் இப்படித்தான். 2021 ஏப்ரல் ஜாவா திருத்தங்கள் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் இயல்பாக அணைத்தன. மறுநாள் பழைய தரவுத்தளங்களோடு பேசிக்கொண்டிருந்த சேவைகள், இணைப்பு தொடங்கும் கட்டத்திலேயே வரும் கைகுலுக்கல் பிழையோடு நின்றன. ஜாவாவின் பாதுகாப்பு அமைவுக் கோப்பில் ஒரு சொல்லை நீக்கினால் பழையபடி ஓடும்; தற்காலிகமாக அதைச் செய்ய நேரலாம். செய்தால், எப்போது திரும்ப மூடுவோம் என்று தேதியோடு பணிப்பட்டியலில் எழுதுங்கள். தேதி இல்லாத தற்காலிகம் அந்த சர்வர் அணையும்வரை நீடிக்கும்.

பெரிய பதிப்புக்குத் தாவுதல்

இது வேறு வகை வேலை, தனித் திட்டமாகவே கேளுங்கள். முதலில் நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள் புதிய பதிப்பை ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் மொழியை மாற்றும் முன் லைப்ரரிகளைப் பழைய மொழியிலேயே புதுப்பித்துக்கொள்வது எளிது. பிறகு பில்ட் இயந்திரத்தில் பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டிலும் சோதனைகள் இணையாக ஓடட்டும். புதியதில் விழுந்தாலும் வெளியீடு நிற்காது, ஆனால் எத்தனை விழுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அந்த எண் வாரவாரம் குறைவதுதான் திட்டத்தின் முன்னேற்றம்.

எங்கே இடறும் என்பதும் பெரும்பாலும் தெரிந்ததே. ஜாவா 8-இலிருந்து 11-க்குப் போனால் எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி போன்ற பகுதிகள் உடன் வராது, தனி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். 17-இல் ஜாவாவின் உட்பகுதிகளைத் தொடும் பழைய லைப்ரரிகள் தடுக்கப்படும். ஜேடெப்ஸ் என்ற கருவி ஜாவாவோடே வருகிறது, உங்கள் நிரல் உட்பகுதிகளைத் தொடும் இடங்களை முன்கூட்டியே காட்டும். பைத்தான் 3.12-இல் டிஸ்ட்யுட்டில்ஸ் நீக்கப்பட்டது, 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உள்ளிட்ட பழைய தொகுதிகள் போயின. நீக்கப்போகிறோம் என்ற எச்சரிக்கைகளைப் பைத்தான் முந்தைய பதிப்புகளிலேயே எழுப்பும். சோதனையின்போது அவற்றைப் பிழையாகக் கருதும்படி அமைத்தால் தாவும் முன்பே பட்டியல் கிடைத்துவிடும். நோட் 17 முதல் ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்ததால் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் கருவியின் பழைய பதிப்பு 4-ஐப் பயன்படுத்தும் திட்டங்கள் கட்டும்போதே விழுகின்றன. பழைய குறியாக்க முறைகளைத் திரும்ப அனுமதிக்கும் விசை ஒன்று இருக்கிறது, தேடினால் முதலில் கிடைக்கும் பதிலும் அதுதான். அதைத் தொடாமல் வெப்பேக்கைப் புதுப்பியுங்கள்.

கன்டெய்னர்கள்

படிமம் ஒருமுறை கட்டப்பட்டால் அதற்குள் இருப்பது மாறாது. அடிப்படைப் படிமத்துக்குத் திருத்தம் வந்தாலும் நீங்கள் திரும்பக் கட்டும்வரை உங்களுடையது பழையதுதான். நிரலில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லாப் படிமங்களும் திரும்பக் கட்டப்படும்படி அமையுங்கள். பில்ட் இயந்திரம் சேமித்துவைத்த பழைய அடிப்படைப் படிமத்தையே எடுத்துக்கொள்ளாமல் புதிதாக இறக்குகிறதா என்றும் பாருங்கள். இறக்கும் இடம் நிறுவனத்தின் உள்ளகக் களஞ்சியமாக இருக்கட்டும். ரெனோவேட், டிபெண்டபாட் போன்ற தானியங்கிக் கருவிகள் புதிய பதிப்பு வந்ததும் மாற்றத்தைத் தாமே முன்மொழியும். தொடக்கத்தில் அவற்றைத் திருத்தப் பதிப்புகளுக்கு மட்டும் அனுமதியுங்கள், இல்லையென்றால் முன்மொழிவுகள் குவிந்து எவரும் எதையும் பார்க்க மாட்டார்கள்.

ஒப்புதலும் விதிவிலக்கும்

ஒவ்வொரு திருத்தப் பதிப்புக்கும் மாற்றக் குழுவின் முன் நிற்க வேண்டியிருந்தால் வேலை நகராது. திருத்தப் பதிப்பு நிறுவுவதை முன்னொப்புதல் பெற்ற வழக்கமான மாற்றமாக வகைப்படுத்தும்படி கேளுங்கள்: இன்ன சோதனைகள் தேறினால், இன்ன நேரத்தில், தனி ஒப்புதல் இல்லாமல். நான்கைந்து முறை சிக்கலின்றி நடத்திக் காட்டிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். சிறிய திருத்தத்துக்கே மூன்று வாரம் எடுக்கும் நிறுவனத்தில் பெரிய பதிப்பு மாற்றம் நடக்கவே நடக்காது என்பது என் எண்ணம். கைப்பழக்கம் சிறியதில்தான் வரும்.

சிலவற்றைப் புதுப்பிக்கவே முடியாது. மூலநிரல் தொலைந்துபோன சேவை, விற்ற நிறுவனமே மூடிவிட்ட மென்பொருள் என்று ஏதாவது இருக்கும். அவற்றுக்கு விதிவிலக்கை எழுத்தில் வாங்குங்கள்: என்ன ஆபத்து, எந்த மேலாளர் ஏற்கிறார், எந்தத் தேதிவரை. கையொப்பம் போட வேண்டியவர் மேலாளர்தான், நீங்கள் போடாதீர்கள். கூடவே அந்தச் சேவையைத் தனி வலைப்பகுதிக்கு நகர்த்தி, வெளி இணையத் தொடர்பை வெட்டி, அதனோடு பேசத் தேவையானவர்களை மட்டும் அனுமதியுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பதிப்புகளுக்குத் திருத்தம் தரும் நிறுவனங்களும் உண்டு, செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முடித்த பின் சரிபார்த்தல்

நிறுவியாயிற்று என்பதால் அதுதான் ஓடுகிறது என்று ஆகாது. லினக்ஸில் கோப்பை மாற்றினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழையதையே நினைவகத்தில் வைத்து ஓடும். சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும். தொடங்க வேண்டியவை எவை என்று காட்ட ரெட்ஹேடில் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங், டெபியனில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவிகள் உள்ளன. முடிந்தால் சேவை தொடங்கும்போதே தன் மொழிப் பதிப்பைப் பதிவேட்டில் எழுதும்படி செய்யுங்கள். அப்புறம் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பிறகு பழையதை நீக்குங்கள். புதிய ஜாவா நிறுவும்போது பழைய கோப்புறை தானாகப் போகாது. யாரோ ஒருவருடைய இரவு நிரல் அதன் முழுப் பாதையையும் எழுதிவைத்து இன்னும் அதிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். உடனே அழிக்காமல் முதலில் கோப்புறையின் பெயரை மாற்றிவைத்து, மாதக் கடைசிக் கணக்கு நிரல்கள் ஒருமுறை ஓடி முடியும்வரை காத்திருங்கள். எதுவும் விழவில்லை என்றால் அழித்துவிட்டு ஸ்கேனரைத் திரும்ப ஓட்டுங்கள். அறிக்கையில் அந்த வரி போனபிறகு பணிச்சீட்டை மூடலாம்.